மாடி வீட்டுச் சீம்பால்

போன மாதம் என் மகள் என்னைப் பீளமேட்டில் ஒரு காபிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் அலுவலகத்துக்கு எதிர்த்தாற்போல இருக்கிறது. முன்பு அந்த இடத்தில் ஒரு மில்லின் சுற்றுச்சுவர் இருந்தது, அதை ஒட்டி ஒரு இளநீர் வண்டி நிற்கும். இப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் ஏசி குளிரில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எனக்கு ஒரு காபி போதும் சாமி என்றேன். அவள் எங்கே கேட்டாள்? சீனத்து இனிப்பு ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம், ஆபீஸே அதைத்தான் சாப்பிடுகிறதாம்.

வந்தது. வெள்ளைக் கிண்ணம், மேலே ஒரு சின்ன மூடி. மூடியைத் திறந்தேன். பாலும் சர்க்கரையும் முட்டையும் ஒன்றாக ஆவியில் வெந்த வாசனை. இந்த மாதிரி நேரத்தில் காலம் அப்படியே நின்றுவிட்டது என்று எழுதுவார்கள். எனக்குக் காலமெல்லாம் நிற்கவில்லை, கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் சுருக்கென்று வலித்தது. அந்தப் பல்லைப் பிடுங்கி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"கிண்ணம்!" என்று கத்திவிட்டேன். பரிமாறுகிற பையன் நல்ல பையன், ஓடிப்போய் இன்னொரு காலிக் கிண்ணம் கொண்டுவந்து வைத்தான். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு நான் அன்றைக்கு எதையும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

டவுன்ஹால் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அந்தப் பல் ஆஸ்பத்திரி இருந்தது. செங்குத்தான படிகள். படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் ரோஸ் கலர் ஈறும் வெள்ளைப் பற்களுமாக ஒரு பெரிய வாய் வரைந்த பலகை தொங்கும். சின்னக் குழந்தைகள் அதைப் பார்த்ததும் அழ ஆரம்பிக்கும், மேலே போகும் வரை நிறுத்தாது. மேலே போனால் கிராம்பு எண்ணெய் வாசனை. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாகப் பல் செட்டுகள். எல்லாம் ஒரே அளவாக, எதைப் பார்த்தோ சிரித்துக்கொண்டிருக்கும். நான் பி.காம் முடித்துவிட்டு முதன்முதலாக வேலைக்குப் போன இடம் அதுதான். பேங்க் பரீட்சை எழுதி எழுதி ஒன்றும் தேறாமல், ஒரு ஆறு மாதத்துக்கு என்று போனேன். ஏழு வருஷம் இருந்தேன்.

டாக்டரை ஊரே சீனா டாக்டர் என்றுதான் சொல்லும். பாவம், அவர் சீனாவைக் கண்ணால் பார்த்தது கிடையாது. பிறந்தது கல்கத்தா, அப்பாவும் அங்கே பல் வைத்தியர். கல்யாணம் ஆன கையோடு கோயமுத்தூர் வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். அதிகம் பேசமாட்டார். "தொறங்க", "மூடுங்க", "துப்புங்க". இந்த மூன்று சொல்லில் அவருடைய தமிழ் முடிந்துவிடும்.

அவருக்கும் சேர்த்து அவர் சம்சாரம் பேசுவார். மெய்லான் என்று பெயர். அன்னூரிலிருந்தும் அவினாசியிலிருந்தும் வீங்கிய தாடையோடு வருகிறவர்கள் வாயில் அது எப்படி நுழையும்? மயிலாத்தா என்று ஆக்கிவிட்டார்கள். அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார். எங்கள் ஊர்த் தமிழை எங்களைவிட மரியாதையாகப் பேசுவார். எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க'. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே அவர்கள் குடியிருப்பு. அங்கே ஒரு பூனை உண்டு, அதைக்கூட "கீழ எறங்குங்க" என்றுதான் அதட்டுவார். ஒரு நாள் நான் சிரித்துவிட்டேன். அதுவும் ஒரு உசுருதானுங்களே என்றார்.

கிண்ணம் என்பது அவருடைய ஏற்பாடு. பல் பிடுங்கிக்கொண்டவர் பஞ்சைக் கடித்தபடி அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டும். பிறகு பஞ்சை எடுத்துப் பார்த்து, ரத்தம் நின்றிருந்தால் அவர்களுக்கு ஒரு கிண்ணம் வரும். வெறும் வயிற்றோடு யாரும் பஸ் ஏறக் கூடாது என்பது மெய்லான் அம்மாவின் சட்டம். அந்தப் பண்டத்துக்கு அவர்கள் பாஷையில் ஒரு பெயர் உண்டு. அவர் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தார், என் வாயில் அது நிற்கவே இல்லை. நாங்கள் கிண்ணம் என்றே சொல்லிக்கொண்டோம். "இன்னிக்கு எத்தன கிண்ணமுங்க?" என்று சமையற்கட்டிலிருந்து குரல் வரும்.

செய்வது பெரிய வித்தை இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். கல்கண்டைப் பாலில் போட்டு வெதுவெதுப்பாகக் கரைக்க வேண்டும். முட்டையை நுரை வராமல் கலக்கி அதில் சேர்த்து, மெல்லிய துணியில் வடிகட்டி, மேலே மிதக்கிற குமிழையெல்லாம் கரண்டி முனையால் எடுத்துவிட வேண்டும். கிண்ணத்தில் ஊற்றித் தட்டுப் போட்டு மூடி, இட்லிக் குண்டாவில் சிறுதீயில் வைக்க வேண்டும். தீ கூடினால் போச்சு, உள்ளே ஓட்டை ஓட்டையாக ஆகிவிடும். அவசரக் குடுக்கையான நான் செய்தால் எப்போதும் ஓட்டைதான். அம்மா செய்தால் கிண்ணத்தை ஆட்டும்போது மேல்பரப்பு லேசாக நடுங்கி அடங்கும். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் வருவாள். முகத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் வாந்தி எடுத்தபடியே இறங்கி வந்திருப்பாள். பல்லைவிட இதுக்காகத்தான் அக்கா மலை எறங்குனேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

முட்டை என்பதால் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை கவுச்சி தொடாதவர்கள், புரட்டாசி பூராவும் தொடாதவர்கள், எந்த நாளும் தொடாதவர்கள் என்று பல வகை. ஆகவே கிண்ணத்தை நீட்டும் முன்னால், முட்டை சேருவீங்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். சேராதவர்களுக்கு ரவைக் கஞ்சி. கேட்பது என் வேலை. ஏழு வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேரிடம் கேட்டிருப்பேன். ஒரே ஒருவரிடம்தான் கேட்கவில்லை. அவர் என் அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்னூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம், நாலைந்து மாடுகள். அப்பாவுக்கு மாடு என்றால் உயிர். அந்தியூர் ஆடிச் சந்தைக்கு வருஷம் தவறாமல் போவார். வாங்குகிறாரோ இல்லையோ, தெரிந்தவர்களுக்கெல்லாம் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயசு சொல்லிக்கொடுப்பார். அவரை ஏமாற்றி யாரும் மாடு விற்றது கிடையாது. மனுஷர் விஷயத்திலும் அப்படித்தான், நாலு வார்த்தை பேசினால் ஆளை எடை போட்டுவிடுவார். என்னை மட்டும் எடை போடமாட்டார். நான் சொன்னால் சொன்னதுதான்.

நான் பிறந்தபோது என்னைப் பெற்ற அம்மாவுக்கும் எனக்கும் உயிர் நிற்காது என்று சொல்லிவிட்டார்களாம். பெரியாஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அப்பா பழனியாண்டவரை வேண்டியிருக்கிறார். இரண்டு உயிரையும் கொடுத்துவிடு, இனிக் கறி முட்டை எதையும் வாயில் வைக்கமாட்டேன் என்று. இரண்டு உயிரும் பிழைத்தன. அதற்கு முன்னால் அவர் கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காராத மனுஷராம். அம்மா சொல்லிச் சிரிப்பாள். பிறகு எங்கள் வீட்டில் அப்பா இருக்கும்போது முட்டை ஓடு கூட உள்ளே வந்ததில்லை. நான் கல்லூரி முடிக்கிற வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். நேர்ந்ததை அப்பா விடவில்லை. ஏனுங்கப்பா, அம்மாதான் போயிட்டாங்களே என்று ஒரு தடவை வாய் துடுக்காகக் கேட்டுவிட்டேன். நீ இருக்கறயே கண்ணு என்றார்.

அப்பாவுக்குப் பல் ஆட ஆரம்பித்ததும் நான்தான் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செட்டு வைத்துக்கொள்வது நல்லது என்றார் டாக்டர். பத்து நாளைக்கு ஒரு தரம் வந்து இரண்டு மூன்றாகப் பிடுங்கிக்கொள்ள வேண்டும். அப்பா சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. எத்தனை மாட்டுக்குப் பார்த்திருப்பார். டாக்டரிடம், "எத்தன பல்லுன்னு எண்ணிச் சொல்லிப்போடாதீங்க, வெல கொறஞ்சுபோவும்" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. துப்புங்க என்றார்.

முதல் பல் பிடுங்கிய அன்றைக்கு அப்பா படியேறும்போதே தள்ளாடினார். பல்வலியில் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, மோரைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். தோட்டத்தில் தனி ஆள், குழைய வடித்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? நான் சனி ஞாயிறு போனால்தான் உண்டு. சட்டை தோளில் தொங்கியது. பஞ்சைக் கடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், பக்கத்தில் ஒரு பெரியம்மா கிண்ணத்திலிருந்து ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இளம் மஞ்சள் நிறம், வெட்டினால் கட்டியாக வருகிறது. எங்கள் பக்கத்து ஆள் யார் பார்த்தாலும் மாடு கன்று போட்ட வீட்டில் அவித்து எடுக்கிற சீம்பால் என்றுதான் நினைப்பார்கள். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் யாரும் சீம்பால் அவிக்கவில்லை. மாடு ஈன்றால் அப்பா பாலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொடுத்தனுப்பிவிடுவார்.

பஞ்சை எடுத்ததும் முதலில் கேட்டது அதைத்தான். "சீம்பாலா கண்ணு?"

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்காமல், "ஆமாங்கப்பா" என்றேன்.

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். ஏலக்காய் போடவில்லையா என்று மட்டும் கேட்டார். படியிறங்கும்போது தள்ளாட்டம் இல்லை. அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் அரைமணி நேரம்தான் இருந்தது. அப்புறம் பயம். எனக்காக விட்டதை நானே ஏமாற்றித் தின்ன வைத்துவிட்டேனே என்று அன்று பூராவும் டோக்கன் நம்பரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டுத் திட்டு வாங்கினேன். ஒரு தடவைதானே, உடம்பு தேறட்டும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு தடவையோடு முடியவில்லை. பத்து நாள் கழித்து வந்தவர், நாற்காலியில் உட்காரும் முன்பே சமையற்கட்டுப் பக்கம் பார்த்தார். மாடு ஈன்றால் நாலு நாளைக்குத்தான் சீம்பால், அதற்குமேல் சாதாரணப் பால். மாட்டுக்காரருக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? ஆகவே இரண்டாவது மாடு ஒன்று கன்று போட்டதாகச் சொன்னேன். மாடு எங்கே நிற்கிறது என்று கேட்டார். ஜவுளிக்கடை மாடியில் மாடு கட்ட முடியாதே! உக்கடத்தில் அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறது என்றேன். ஜாதி மாடா என்றார். ஜெர்சி என்றேன். ஜெர்சிப் பாலில் இந்த ருசியா என்று வியந்தார். அதற்கடுத்த தடவை சிந்து மாடு ஒன்றையும் ஈன வைத்தேன். ஒரு மாதத்துக்குள் உக்கடத்தில் என் பொய்யில் ஒரு பட்டியே உருவாகிவிட்டது. அப்பா எல்லாவற்றையும் நம்பினார். வேறு யாராவது சொல்லியிருந்தால் முதல் மாட்டிலேயே பிடித்திருப்பார்.

நாலாவது முறை அப்பா வந்தபோது தோளில் ஒரு மூட்டை. பஸ்ஸில் கொண்டுவந்து, அத்தனை படியும் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். எங்கள் ஊரில் சீம்பால் கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டார்கள், அந்த மாட்டுக்கு ஏதாவது கொண்டுபோவார்கள். எனக்கு அது நினைப்பிலேயே இல்லை. காத்திருந்த கூட்டத்துக்கு நடுவில் மூட்டையை மெய்லான் அம்மாவின் காலடியில் இறக்கினார்.

"பருத்திக்கொட்டைங்க அம்மணி. ஊறப்போட்டு அரைச்சு வெய்யுங்க. ஈத்து மாடு, பாலு நல்லா நிக்கும்."

நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பல்வலியோடு வந்தவர்கள் கூட வலியை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். அம்மா மூட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு என் முதுகைப் பார்த்தார். இரண்டு கையாலும் மூட்டையைத் தொட்டுக் கும்பிட்டு, நொம்ப சந்தோசமுங்க என்றார். அன்றைக்கு அப்பாவுக்குக் கிண்ணம் வரவில்லை. ரவைக் கஞ்சிதான் வந்தது. "மாடு வத்திப்போச்சாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே குடித்துவிட்டுப் போனார்.

கூட்டம் குறைந்ததும் அம்மா என்னைச் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். என்ன நடந்தது என்று உட்காரவைத்துக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பழனி, வேண்டுதல், நான் பிறந்தது, மூன்று நாள் மோர், உக்கடத்து மாடுகள். சாமி விஷயத்தில் அப்படிச் செய்யலாமா என்றார். அதற்கும் மேலே அவருக்கு இன்னொன்று வலித்தது. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

"எங்கம்மா எனக்குச் சொல்லித்தந்ததுங்க அது. காச்சல் கண்டா, புள்ள பெத்தா, அழுதா, அதான் குடுப்பாங்க. அதுக்கு நீங்க வேற பேரு வெச்சுப்போட்டீங்களே."

அழுதேன். அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டு, அடுத்த முறை அவர் வரும் முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் நன்றாக இருக்காது என்றார். சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பருத்திக்கொட்டையை மறுநாள் பால்காரருக்குக் கொடுத்தார். அவர் மாடு அந்த வாரம் நன்றாகக் கறந்ததாம்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சாயங்காலம் அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் அப்பா, கோயமுத்தூரில் ஒரு சீனாக்கார அம்மா தன்னை ஒறம்பரை, சொந்தபந்தம் மாதிரிக் கவனிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை பெருமை. சொல்லாமலே ஞாயிறு சாயங்காலம் பஸ் ஏறிவிட்டேன்.

அடுத்த முறை அப்பா வருவதற்குள், சொன்னீங்களா என்று மெய்லான் அம்மா கேட்டார். சொல்லிட்டேனுங்க என்றேன். என்ன சொன்னாரு என்றார். சிரிச்சாருங்க என்றேன். முதல் பொய்யிலாவது ஒரு வாய்ச் சோற்றுக் காரணம் இருந்தது, இதற்கு ஒரு காரணமும் இல்லை, வெறும் கோழைத்தனம். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் இஞ்சியைச் சீவ ஆரம்பித்தார். அவர்கள் வழக்கத்தில் முட்டை இல்லாமலும் ஒன்று உண்டாம். இஞ்சிச் சாற்றைக் கிண்ணத்தில் பிழிந்து, சர்க்கரை போட்டுச் சுடவைத்த பாலை மேலே ஒரே ஊற்றாக ஊற்றிவிட்டுத் தொடாமல் வைத்தால் பால் தானே உறைந்துவிடும். அப்பாவுக்காகவே அதைச் செய்தார். தானே கொண்டுவந்து கொடுத்தார்.

அப்பா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார். நல்லா இருக்குதுங்க என்று மரியாதைக்குச் சொன்னார். அம்மா அந்தப் பக்கம் போனதும் என்னிடம் மெதுவாக, "இது அந்த மாடு இல்ல கண்ணு" என்றார்.

பல் செட்டுப் பொருந்திவிட்டது, அப்பா அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. எனக்குக் கல்யாணம் ஆயிற்று. சில வருஷத்தில் டாக்டர் தூக்கத்திலேயே போய்விட்டார். மெய்லான் அம்மாவின் தங்கை கனடாவில் இருந்தார். அம்மாவை அங்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். புறப்படும் நாள் நான் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. ஒரு கிண்ணத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "அப்பாவக் கேட்டேன்னு சொல்லுங்க. அவரு சிரிச்சது எனக்கு நொம்ப ஆறுதலுங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். முதலில் கடிதம் வந்தது. எனக்கு ஆங்கிலத்தில் பதில் எழுத வெட்கம். எழுதினால் நிஜத்தை எழுத வேண்டுமே என்ற பயம் அதைவிடப் பெரிது. அப்புறம் கடிதம் நின்றுபோயிற்று. இப்போது அந்த மாடியே இல்லை. இடித்துவிட்டு ஐந்து மாடியாகக் கட்டி, கீழே செல்போன் விற்கிறார்கள். வாய் வரைந்த பலகையை யார் எடுத்துப்போனார்களோ தெரியாது.

கடைசியில் அப்பா என்னோடு சிங்காநல்லூரில் இருந்தார். மாடுகளையெல்லாம் விற்றாயிற்று. தொண்டை சுருங்கிக்கொண்டே வந்தது, கஞ்சித் தண்ணிகூட இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. நல்ல வைத்தியமெல்லாம் பார்த்தோம். இனிமேல் அவர் ஆசைப்படுவதைக் கொடுங்கள் என்று தொண்டைக்குப் பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். என்ன வேணுங்கப்பா என்று கேட்டேன். இரண்டு நாள் ஒன்றும் வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் காலையில், நான் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தபோது, தானாகவே சொன்னார்.

"அந்த மாடி வீட்டுச் சீம்பாலு… அது கெடைக்குமா கண்ணு?"

கடைக்குப் போய் இரண்டே இரண்டு முட்டை வாங்கி வந்தேன். அப்பா வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் முட்டை கிடையாது, என் பிள்ளைகள் வெளியில்தான் சாப்பிட்டார்கள். கடைக்காரர்கூட என்னங்க அதிசயமா இருக்குது என்றார். என் வீட்டுக்காரர் சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்தார். பேசாமக் குடுத்துப்போடு, இந்தக் காலத்துல என்ன சாமி குத்தம் என்றார். அவர் சொன்னபடி கேட்டிருக்கலாம். கல்கண்டைக் கரைத்தேன், வடிகட்டினேன், குமிழ் எடுத்தேன், மூடினேன், தீயைக் குறைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஓட்டை விழாமல் வந்துகொண்டிருந்தது. வாசனை கூடத்துக்குப் போய்விட்டது. அப்பா, மணம் வருது என்று சொன்னது காதில் விழுந்தது.

அங்கேதான் நான் கெட்டேன். மறுபடியும் பொய் சொல்லிக் கொடுப்பதா, அதுவும் சாகக் கிடக்கிறவருக்கா என்று தோன்றிவிட்டது. மெய்லான் அம்மாவிடம் சொன்ன பொய்யையாவது இப்போது நிஜமாக்கிவிடலாம் என்று ஒரு நினைப்பு. மனச்சாட்சி இத்தனை வருஷம் தூங்கிவிட்டு அன்றைக்குப் பார்த்து விழித்துக்கொண்டது. கிண்ணம் குண்டாவில் இருக்கும்போதே போய் அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, அது சீம்பால் இல்லைங்கப்பா, முட்டைங்கப்பா என்றேன். அன்றைக்கு நீங்க பட்டினியாக இருந்ததைப் பார்க்க முடியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். மாடே இல்லைங்கப்பா என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவருக்கு அது அப்போதுதான் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. கோபமும் இல்லை. விரலை மடக்கி எதையோ எண்ணினார். எத்தனை கிண்ணம் என்று எண்ணினாரோ என்னவோ. பிறகு என் தலையில் கை வைத்தார். தெரியாமல் தின்றதற்குச் சாமி கேட்காது, விடு என்றார். அப்படியானால் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். இனித் தெரிந்துபோயிற்றே, எப்படித் தின்பது என்றார்.

கொஞ்ச நேரம் சமையற்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு, என்னைக் குற்றம் சொல்கிற குரலில் இல்லை, ஒரு நஷ்டத்தைச் சொல்கிற குரலில் சொன்னார்.

"சொல்லாமயே குடுத்திருக்கலாமே கண்ணு."

அடுப்பை அணைத்தேன். அப்பா அதற்கப்புறம் ஒன்பது நாள் இருந்தார். எதையும் கேட்கவில்லை. நானும் எத்தனையோ நல்லது கெட்டது செய்திருக்கிறேன், எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், அதற்கெல்லாம் இப்போது வருத்தம் கிடையாது. அந்த ஒரு நிஜத்தைத்தான் விழுங்கியிருக்க வேண்டும். மாடு ஈன்றிருக்கிறது அப்பா என்று சொல்லிக் கிண்ணத்தை நீட்ட, எனக்கு இப்போது அவர் இல்லை.